சந்தை மலாய் பேசத் தெரிந்த ஷெல்

கடையின் அன்றாடக் கணக்கை இரவில் நகலெடுத்து வைப்பது, அச்சகத்துக்கு வந்த படங்களை வாடிக்கையாளர் வாரியாகப் பிரித்து அடுக்குவது, மாணவர் பட்டியலை வரிசைப்படுத்தி அச்சுக்கு அனுப்புவது. இத்தகைய சில்லறை வேலைகளைச் செய்வது பெரிய மென்பொருள் அல்ல. யாரோ எப்போதோ எழுதிவைத்த இருபது, முப்பது வரி ஷெல் நிரல்தான் செய்கிறது. நாம் தட்டும் கட்டளைகளை வாங்கி இயங்குதளத்திடம் சொல்லும் இடைத்தரகருக்கு ஷெல் என்று பெயர். அந்தக் கட்டளைகளை ஒரு கோப்பில் வரிசையாக எழுதிவைத்தால் அது ஷெல் நிரல்.

அதை எந்த ஷெல்லுக்காக எழுதுவது என்ற கேள்வியையே இன்றைய இளையோர் பலர் எழுப்புவதில்லை. தம் மடிக்கணினியில் இருக்கும் பாஷ் ஷெல்லுக்கு எழுதி, அங்கே ஓடினால் வேலை முடிந்தது என்று எண்ணுகிறார்கள். நம் கிள்ளான் பள்ளத்தாக்கில் சிறு கடைகளுக்கும் அலுவலகங்களுக்கும் நிரல் எழுதுபவர்கள் எல்லா ஷெல்களுக்கும் பொதுவான எளிய மொழியில்தான் எழுத வேண்டும் என்பது என் கருத்து. பழைய பொருள்மீது பற்று வைத்து இதைச் சொல்லவில்லை. நம் கடைகளில் என்ன இருக்கிறது என்று பார்த்துச் சொல்கிறேன்.

பிரிக்பீல்ட்ஸில் எனக்குத் தெரிந்த ஓர் அச்சகம். ஆறு பேர் வேலை செய்கிறார்கள். வடிவமைப்பாளர் மேசையில் ஒரு மேக். அதில் பாஷ் உண்டு, ஆனால் 2006இல் வெளிவந்த 3.2 பதிப்பு. பின்னர் வந்த பாஷின் உரிம நிபந்தனைகளை ஏற்க விரும்பாத ஆப்பிள் அங்கேயே நின்றுவிட்டது. 2019இல் மேக்கின் இயல்பான ஷெல்லையே இசட்-ஷெல் ஆக்கிவிட்டது. கணக்காளரிடம் ஒரு பழைய உபுண்டு கணினி. அதில் 'எஸ்எச்' என்று அழைத்தால் வருவது டாஷ். அலமாரிக்கு மேலே கோப்புகளைச் சேமிக்கும் ஒரு பெட்டி, சுவரில் இணையத் திசைவி. இவ்விரண்டிலும் இருப்பது பிஸிபாக்ஸ் என்னும் சிறிய தொகுப்பின் ஆஷ் ஷெல். ஆக, ஆறு பேர் கொண்ட ஓர் இடத்தில் நான்கு வகை ஷெல்கள். பழைய ஷெல்கள் அருங்காட்சியகத்தில் இருப்பதாக நினைப்பவர்கள் ஜாலான் துன் சம்பந்தனிலோ கிள்ளானின் ஜாலான் தெங்கு கிளானாவிலோ பத்துக் கடைகளின் பின்னறைகளைப் போய்ப் பார்க்கலாம்.

இத்தனை வகை எப்படி வந்தது? 1971இல் முதல் யுனிக்ஸோடு வந்தது தாம்சன் ஷெல். 1979இல் ஏழாம் பதிப்பு யுனிக்ஸில் ஸ்டீபன் போர்ன் எழுதிய ஷெல் வந்தது. இன்று நாம் எழுதும் நிரல்களின் இலக்கணம் பெரும்பாலும் அவர் போட்டதுதான். அவருக்கு அல்கால் 68 மொழிமீது ஈடுபாடு. அதனால்தான் 'இஃப்' என்று தொடங்குவது தலைகீழாக 'ஃபி' என்று முடிகிறது. அதே முறையில் 'டூ' என்று தொடங்குவது 'ஓடி' என்று முடிந்திருக்க வேண்டும். ஆனால் அந்தப் பெயரில் ஏற்கெனவே வேறொரு கட்டளை இருந்ததால் 'டன்' ஆயிற்று என்பார்கள். பிறகு 1983இல் டேவிட் கார்னின் கார்ன் ஷெல், 1989இல் பிரையன் ஃபாக்ஸ் க்னூ திட்டத்துக்காக எழுதிய பாஷ், அதே ஆண்டில் கென்னத் ஆல்ம்குவிஸ்டின் ஆஷ், அதன் வழிவந்த டாஷ். ஒவ்வொருவரும் தமக்குச் சரியென்று பட்டதைச் சேர்த்தார்கள். எல்லாரும் ஒப்புக்கொண்ட பகுதியை 1992இல் போசிக்ஸ் என்ற தரமாக எழுதிவைத்தார்கள்.

போசிக்ஸ் ஷெல்லை நம் ஊரில் விளக்குவது எளிது. கிள்ளான் சந்தையில் சீனரான மீன்காரரிடம் தமிழ் அம்மா ஒருவர் பேரம் பேசுகிறார். அவருக்குச் சீனம் தெரியாது, இவருக்குத் தமிழ் தெரியாது. இருவரும் பேசுவது சந்தை மலாய். அதில் கவிதை எழுத முடியாது. பள்ளி ஆசிரியர் கேட்டால் முகம் சுளிப்பார். ஆனால் மீன் சரியான விலைக்கு, சரியான எடையில் கைமாறுகிறது. போசிக்ஸ் அப்படிப்பட்ட மொழி. பாஷில் இருக்கும் அணிகள், இரட்டைச் சதுர அடைப்பு, வசதியான சுருக்கங்கள் எதுவும் அதில் இல்லை. ஆனால் மேக், உபுண்டு, சேமிப்புப் பெட்டி எல்லாவற்றுக்கும் அது புரியும்.

ஒரே பெயருக்கு இடத்துக்கு இடம் பொருள் மாறுவதில்தான் சிக்கல் இருக்கிறது. இங்கே ரொட்டி சானாய் என்கிறோம், சிங்கப்பூரில் அதையே பராட்டா என்கிறார்கள், மதுரையில் பரோட்டா கேட்டால் வருவது வேறொன்று. எக்கோ என்ற கட்டளை அப்படித்தான். திரையில் ஒரு வரியைக் காட்டுவது மட்டுமே அதன் வேலை. ஆனால் பின்சாய்கோட்டைக் கண்டால் சில ஷெல்கள் அதற்குத் தனிப்பொருள் கொடுக்கும், சில அப்படியே அச்சிடும். 'கோடு-இ' என்ற குறிப்பைப் பாஷ் கட்டளையாக எடுத்துக்கொள்ளும். டாஷ் அதையும் எழுத்தாகவே திரையில் போட்டுவிடும். 'பிரின்ட்எஃப்' என்ற கட்டளையைப் பயன்படுத்தினால் இந்தத் தொல்லை இல்லை. கோப்பின் உள்ளேயே திருத்தம் செய்யும் 'செட்' கட்டளை லினக்ஸில் ஒரு விதமாகவும் மேக்கில் வேறு விதமாகவும் எழுதப்பட வேண்டும். குழாய்க் குறிக்குப் பின் ஒரு சுழலை வைத்து எண்ணிக்கை எடுத்தால், கார்ன் ஷெல்லிலும் இசட்-ஷெல்லிலும் விடை கிடைக்கும். பாஷிலும் டாஷிலும் சுழல் முடிந்ததும் எண்ணிக்கை பழையபடி பூச்சியமாகிவிடும். யாரும் பிழை என்று சொல்ல மாட்டார்கள். பூச்சியம்தான் விடை என்று நீங்கள் நம்பிவிடுவீர்கள்.

நிரல் ஓடாமல் நின்றுவிட்டால் எனக்குக் கவலை இல்லை. நின்றால் யாராவது ஃபோன் செய்வார்கள். தவறாக ஓடிக்கொண்டே இருப்பதுதான் ஆபத்து. மேலே சொன்ன அச்சகத்தில் நகலெடுக்கும் நிரல் ஒன்று இருந்தது. வெளிவட்டு இணைந்திருந்தால் நகலெடு, இல்லையென்றால் சும்மா இரு என்பது அதன் சாரம். ஒப்பிடும் இடத்தில் எழுதியவர் ஒற்றைச் சமக்குறிக்குப் பதில் இரட்டைச் சமக்குறி போட்டிருந்தார். பாஷ் அதை ஏற்கும். அந்தக் கணினி மாற்றப்பட்டு, இரவு வேலை டாஷ் வழியாக ஓடத் தொடங்கியது. டாஷுக்கு அந்தக் குறி தெரியாது. ஒரு வரி முணுமுணுத்துவிட்டு, ஒப்பீடு பொய் என்று முடிவு செய்து, 'சும்மா இரு' பக்கம் போய்விட்டது. முணுமுணுப்பு யாரும் திறக்காத ஓர் அஞ்சல் பெட்டியில் விழுந்தது. எழுதியவர் வேலை மாறிப் போயிருந்தார். மூன்று மாதம் நகலே இல்லை. அந்த மூன்று மாதத்தில் வட்டு பழுதாகாதது அவர்கள் அதிர்ஷ்டம்.

முதல் வரியில் பாஷ் என்று குறிப்பிட்டிருந்தால் போதாதா என்று கேட்கலாம். அந்த வரி, கோப்பை நேரடியாக இயக்கும்போதுதான் மதிக்கப்படும். 'எஸ்எச்' என்று சொல்லிக் கோப்பின் பெயரைக் கொடுத்தால் அது வெறும் குறிப்புரை. கடையில் இருப்பவர்கள் பெரும்பாலும் அப்படித்தான் இயக்குகிறார்கள், ஏனென்றால் முதலில் யாரோ அப்படிக் காட்டிக்கொடுத்திருப்பார்கள்.

இந்தப் பழக்கத்துக்கு ஒரு வரலாறும் உண்டு. 2004இல் நம் அரசாங்கம் மாம்பு வழியாகப் பொதுத்துறைக்கான திறந்த மூல மென்பொருள் திட்டத்தைத் தொடங்கியது. அந்த ஆண்டுகளில் லினக்ஸ் கற்றுக்கொண்டவர்கள் கையில் இருந்த லினக்ஸ் பெரும்பாலானவற்றில் 'எஸ்எச்' என்றாலே உள்ளே இருந்தது பாஷ்தான். இரண்டும் ஒன்றே என்று மனத்தில் பதிந்துவிட்டது. 2006 அக்டோபரில் உபுண்டு 6.10 வெளிவந்தபோது, கணினி விரைவாகத் தொடங்க வேண்டும் என்பதற்காக 'எஸ்எச்' டாஷ் ஆக மாற்றப்பட்டது. டெபியனும் 2011இல் அதைச் செய்தது. உலகம் முழுவதும் நிரல்கள் முறிந்தன, திட்டுகளும் விழுந்தன. ஆனால் அந்த மாற்றம் 2014இல் கைகொடுத்தது. அந்தச் செப்டம்பரில் ஸ்டெஃபான் ஷாசெலா கண்டுபிடித்த 'ஷெல்ஷாக்' என்ற பாதுகாப்பு ஓட்டை பாஷில் 1989 முதலே இருந்தது. சூழல் மாறிகள் வழியாக வெளியாள் ஒருவர் தம் கட்டளையை உள்ளே நுழைத்துவிட முடியும். 'எஸ்எச்' டாஷாக இருந்த கணினிகளில் அந்த ஓட்டைக்குப் போகும் வழிகள் பல அடைபட்டிருந்தன. எளிய ஷெல்லுக்கு எழுதியவர்களுக்குக் கிடைத்த, யாரும் எதிர்பாராத பலன் அது.

2015 சனவரியில் வெளிவந்த ஸ்டீம் விளையாட்டு மென்பொருளின் கதையையும் சொல்லியாக வேண்டும். அதன் லினக்ஸ் நிரல், தான் இருக்கும் கோப்புறையைக் கண்டுபிடித்து ஒரு மாறியில் வைத்துக்கொண்டு, பிறகு அந்த மாறியில் உள்ள இடத்துக்குக் கீழே இருப்பதையெல்லாம் அழிக்கும். கோப்புறையைக் கண்டுபிடிக்க முடியாதபோது மாறி வெறுமையாகிவிட்டது. வெறுமைக்குக் கீழே என்றால் கணினியின் வேரிலிருந்து எல்லாம். பயனரின் கோப்புகள் போயின. அந்த வரிக்கு மேலேயே எழுதியவர் 'பயமாக இருக்கிறது' என்ற பொருளில் ஒரு குறிப்பும் வைத்திருந்தார்! மாறியின் பெயருக்குப் பின் முக்காற்புள்ளியும் கேள்விக்குறியும் (:?) சேர்த்திருந்தால், அது வெறுமையாக இருக்கும்போது நிரல் அங்கேயே நின்றிருக்கும். இதற்குப் பாஷ் தேவையில்லை. போசிக்ஸ் ஷெல் எதுவும் இதைச் செய்யும்.

இனி, வேறு மொழிக்காரர்கள் எழுதும் கையேடுகளில் கிடைக்காத பகுதிக்கு வருகிறேன். தமிழ்.

'கிள்ளான்' என்ற சொல்லில் எத்தனை எழுத்து? தமிழ்ப்பள்ளி முதலாம் ஆண்டு மாணவர் நான்கு என்பார்: கி, ள், ளா, ன். பாஷிடம் கேட்டால் எட்டு என்கிறது. யூனிகோடில் ககரம் ஒரு குறி, இகரக் கொம்பு ஒரு குறி, புள்ளி ஒரு குறி என்று தனித்தனியே எண்ணுவதால் எட்டு. டாஷ் நெடுங்காலமாகச் சொல்லிவந்த விடை இருபத்து நான்கு. ஒவ்வொரு குறியும் யூடிஎஃப்-8 முறையில் மூன்று பைட்டு; அது பைட்டுகளை எண்ணுகிறது. பாஷ்கூட எப்போதும் எட்டு என்று சொல்லாது. மொழிச் சூழல் அமைக்கப்படாத இடத்தில் அதுவும் இருபத்து நான்கு என்றுதான் சொல்லும். கால அட்டவணைப்படி நள்ளிரவில் ஓடும் வேலைகளுக்குப் பெரும்பாலும் மொழிச் சூழல் அமைந்திருப்பதில்லை. பகலில் கையால் ஓட்டிப் பார்த்தால் ஒரு விடை, இரவில் தானாக ஓடினால் இன்னொரு விடை. இதை வைத்துக்கொண்டு யாரோடு சண்டை போடுவது?

ஆங்கிலம் மட்டும் எழுதுபவர்களுக்கு எழுத்து, குறி, பைட்டு மூன்றும் ஒன்றே. ஆகவே அவர்கள் எழுதும் பாடங்களில் இந்த வேறுபாடு வருவதே இல்லை. நமக்கு முதல் நாளே வந்துவிடும். தலைப்புகளை இருபது எழுத்துக்கு வெட்டும் வரியொன்றைப் பாடத்திலிருந்து எடுத்துப் போடுகிறோம். நாம் பெரும்பாலும் பயன்படுத்தும் உபுண்டு பதிப்புகளில் உள்ள 'கட்' கட்டளைக்கு எழுத்து என்றாலும் பைட்டு என்றாலும் ஒன்றே. இருபது மூன்றால் வகுபடாது. ஆறு குறிகள் முழுதாக வந்து, ஏழாவது குறியின் மூன்று பைட்டில் இரண்டு மட்டும் ஒட்டிக்கொண்டு, அட்டையில் கறுப்புச் சாய்சதுரமாக அச்சாகும். அதே வரி மேக்கில் ஒழுங்காக ஓடும். வடிவமைப்பாளர் 'என்னிடம் சரியாகத்தானே வருகிறது' என்பார். அவர் சொல்வதும் உண்மை.

வரிசைப்படுத்துவதிலும் இதே தொல்லை. எங்கும் ஒரே விடை வர வேண்டுமானால் மொழிச் சூழலை 'சி' என்று வைத்துக்கொள் என்று எல்லாக் கையேடுகளும் சொல்லும். நல்ல அறிவுரைதான். ஆனால் அப்போது வரிசை யூனிகோடு அட்டவணையின்படி அமையும். அந்த அட்டவணையில் னகரம் நகரத்துக்கு அடுத்து, பகரத்துக்கு முன் நிற்கிறது. நம் நெடுங்கணக்கில் னகரம் கடைசி மெய். ஆகவே 'கமலா' முதலிலும் 'கனகா' பிறகும் வர வேண்டிய பட்டியலில் கனகா முந்திக்கொள்வார். ஆசிரியர் பார்த்தால் கணினிக்குத் தமிழ் தெரியவில்லை என்று சிரிப்பார்.

இதில் என் முடிவு சிலருக்குப் பிடிக்காது. தமிழை எண்ணவும் வெட்டவும் வரிசைப்படுத்தவும் ஷெல்லிடம் கொடுக்கவே கூடாது. ஷெல்லின் வேலை, கோப்பை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு உடையாமல் கொண்டுபோய்ச் சேர்ப்பது. தமிழ்ச் சொல்லை அது பிரிக்காத பொட்டலமாகச் சுமக்கட்டும். பொட்டலத்தைப் பிரிக்க வேண்டிய இடத்தில் பைத்தான் போன்ற, யூனிகோடு நூலகங்கள் உள்ள மொழியை அழையுங்கள். அங்கும் எழுத்தை எண்ண ஒரு சிறு முயற்சி வேண்டும். ஆனால் அந்த முயற்சி எல்லாக் கணினியிலும் ஒரே பலனைத் தரும். பொதுவாகவே ஷெல் நிரல் நூறு வரியைத் தாண்டினால் வேறு மொழிக்குப் போய்விடுவது நல்லது என்பேன்.

முத்து நெடுமாறனின் முரசு அஞ்சல் பிறந்த நாடு இது. 2001இலும் 2013இலும் தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூரில் நடந்தது. எழுத்துரு, விசைப்பலகை, குறியாக்கம் ஆகியவற்றில் நம்மவர்கள் செய்த வேலை பெரிது. ஆனால் அந்த எழுத்துகளை இரவில் சுமந்து செல்லும் அடித்தளக் கருவிகளை நாம் அவ்வளவாகக் கவனிக்கவில்லை என்ற மனக்குறை எனக்கு உண்டு. நம் அச்சகங்களில் திஸ்கி முறையில் தட்டச்சான பழைய கோப்புகள் இன்னும் கிடக்கின்றன. உபுண்டுவில் உள்ள 'ஐகான்வ்' கட்டளைக்குத் திஸ்கி தெரியும். யூனிகோடுக்கு மாற்றித் தரும். எல்லாக் கணினியின் ஐகான்வுக்கும் தெரியாது. மாற்றும் வேலையை எந்தக் கணினியில் வைப்பது என்பதுகூட ஆகவே ஷெல் எழுதுபவரின் முடிவாகிறது.

எல்லாப் பழைய ஷெல்லுக்கும் பணிந்து போக வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. ஒப்பிடும்போது இருபக்கமும் ஓர் 'எக்ஸ்' சேர்க்கும் வழக்கம் ஒன்று உண்டு. மாறியின் மதிப்பு ஆச்சரியக்குறியாகவோ கோட்டில் தொடங்குவதாகவோ இருந்தால் பழைய ஒப்பீட்டுக் கட்டளை குழம்பிவிடும் என்பதற்காக வந்த தந்திரம் அது. போசிக்ஸ் விதிகள் வந்தபின் அதற்குத் தேவையில்லை. கட்டளையின் விடையை வாங்கப் பின்சாய்ந்த ஒற்றை மேற்கோளை மட்டுமே எழுதுவது, சோலாரிஸ் 10 வரை இருந்த பழைய போர்ன் ஷெல்லுக்காக. கிள்ளான் பள்ளத்தாக்கில் எந்தக் கடையின் பின்னறையிலும் நான் சோலாரிஸ் 10ஐப் பார்த்ததில்லை. இத்தகைய தந்திரங்களைப் புதியவர்கள் பொருள் தெரியாமல் நகலெடுப்பது, பக்கத்து வீட்டார் போடுகிறார்கள் என்பதற்காகக் காரணம் கேட்காமல் நாமும் எலுமிச்சம்பழம் கட்டித் தொங்கவிடுவதைப் போன்றது.

அளவுக்கு மீறிய முன்னெச்சரிக்கையால் கேடும் வரும். எந்த யுனிக்ஸிலும் ஓட வேண்டும் என்பதற்காகத் தானாக உருவாக்கப்படும் 'கான்ஃபிகர்' நிரல்கள் பல்லாயிரம் வரி நீளம். மனிதர் யாரும் அவற்றைப் படிப்பதில்லை. 2024இல் எக்ஸ்இசட் என்ற சுருக்கக் கருவியில் யாரோ கள்ளக் கதவு வைத்தபோது, அதை ஒளித்துவைத்தது இந்தக் கட்டுமான நிரல்களின் காட்டுக்குள்தான். தொலைகணினியில் நுழைய வழக்கத்தைவிட அரை வினாடி கூடுதலாக எடுக்கிறதே என்று ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர் சந்தேகப்பட்டதால் அது பிடிபட்டது. வேறொருவர் உட்கார்ந்து படிக்க முடியாத நிரல் நூறு கணினியில் ஓடினாலும் எனக்கு வேண்டாம்.

எங்கும் பாஷையே நிறுவிவிட்டால் என்ன என்ற யோசனையை அடிக்கடி கேட்கிறேன். சேமிப்புப் பெட்டியிலும் திசைவியிலும் அது நடைமுறையில் இயலாது. நிறுவினாலும் அடுத்த மேம்படுத்தலில் காணாமல் போகலாம். மேக்கில் புதிய பாஷை நிறுவினாலும் பழையது அதே இடத்தில் இருந்துகொண்டேயிருக்கும். எந்தப் பாஷ் ஓடுகிறது என்பது அதற்குப்பின் தனி விசாரணை.

எழுதி முடித்த நிரலைச் சோதிக்க அதிக நேரம் ஆகாது. விடார் ஹோலன் எழுதிய 'ஷெல்செக்' என்ற இலவசக் கருவி, முதல் வரியில் 'எஸ்எச்' என்று போட்டிருந்தால் பாஷுக்கே உரிய பழக்கங்களைத் தேடிப்பிடித்துச் சொல்லும். பிறகு டாஷிலும் பிஸிபாக்ஸிலும் ஒருமுறை ஓட்டுங்கள். சோதனைக்கு 'கோலாலம்பூர் கணக்கு' என்று, நடுவில் இடைவெளியோடு, தமிழில் ஒரு கோப்புக்குப் பெயர் வையுங்கள். இடைவெளி, மாறியை மேற்கோள் குறிக்குள் வைக்க மறந்த வரிகளைக் காட்டிக்கொடுக்கும். 'கோ' இன்னொன்றைக் காட்டிக்கொடுக்கும்: யூனிகோடில் ஓகாரக் குறியை ஒரே குறியாகவும் எழுதலாம், ஏகாரக் கொம்பும் காலும் என்று இரண்டாகவும் எழுதலாம். பழைய மேக் வட்டுகள் கோப்புப் பெயரை இரண்டாகப் பிரித்தே சேமித்தன. லினக்ஸ் கொடுத்ததை அப்படியே வைத்துக்கொள்ளும். பழைய மேக்கிலிருந்து நகலெடுத்த கோப்பு திரையில் அதே பெயரோடு தெரியும். முதல் பெயர் ஐம்பத்து இரண்டு பைட்டு, இரண்டாவது ஐம்பத்து ஐந்து. அப்படியொரு கோப்பு கண்ணெதிரே இருந்தும் 'இல்லை' என்று உங்கள் நிரல் சொன்னால், கடைக்காரரிடம் கொடுக்கும் முன்பே அந்தப் பதிலைக் கேட்டுவிட்டீர்கள்.